ஏழரை எச்.பி. சோலார் மோட்டார்: யார் போடலாம், யார் போட வேண்டாம்

சோலார் மோட்டார் போட்டால் கரண்டு பில் மிச்சம் என்று கம்பெனி நோட்டீஸில் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு விவசாயியிடம் இதைச் சொல்லி என்ன பயன்? நமக்குத்தான் பில்லே வருவதில்லையே. 1970களில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோயமுத்தூரை அடைத்தார்கள், துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது, அப்புறம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவசம், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று ஆகிவிட்டது. இன்று 23 லட்சத்துக்கும் மேல் விவசாய இணைப்புகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் மீட்டர்கூடக் கிடையாது. அந்த நோட்டீஸ் வேறு ஏதோ மாநிலத்துக்கு எழுதியதை அப்படியே தமிழில் மாற்றியது போலத்தான் இருக்கிறது.

ஆகவே இதை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இப்போது உங்கள் கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்குவது எது? டீசலா, இலவச கரண்டா, அல்லது கரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்று பேருக்கும் மூன்று பதில். கம்பெனிக்காரர்கள் மூன்று பேரிடமும் ஒரே பதிலைச் சொல்லி விற்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் கதை இது. தாராபுரம் தாண்டி மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு இடத்தில் பூமி. வீட்டை ஒட்டிய தோட்டத்தில் அப்பா காலத்து இலவச இணைப்பு, கிணறு, தென்னை. இன்னொன்று மேட்டுக்காடு, முருங்கையும் கொஞ்சம் தென்னையும், 380 அடி போர், கரண்டு இல்லை. அங்கே ஜெனரேட்டர் வைத்துத்தான் சப்மெர்சிபிளை, அதாவது போருக்குள் இறக்கிவிடும் மோட்டாரை, ஓட்டிக்கொண்டிருந்தோம். ஏழரை எச்.பி. மோட்டாரை ஜெனரேட்டரில் ஓட்டினால் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் சாதாரணமாகக் குடிக்கும், லிட்டர் 90 ரூபாய்க்கு மேல், ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். முருங்கை விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு வரும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மரத்தைக் காயவிடுவதே மேல் என்று தோன்றும். அந்த இடத்தில்தான் விவசாயிகளுக்கு சோலார் மோட்டார் போட மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில், வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாக ஏழரை எச்.பி. ஏ.சி. சப்மெர்சிபிள் செட் போட்டோம். 340 வாட் பேனல் 20, பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஒரு கன்ட்ரோலர், மோட்டார், பைப், கேபிள், இடிதாங்கி எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக வரும். நம் பழைய மோட்டாருக்கே பேனலை மட்டும் கொடுங்கள் என்றால் திட்டத்தின் இந்தப் பிரிவில் கிடையாது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. நன்றாகவே செய்கிறது. ஆனால் எப்படிச் செய்கிறது என்பதை யாரும் வாங்கும்போது சொல்வதில்லை. காலை ஏழு மணிக்கு வெயில் வந்ததும் கன்ட்ரோலர் விழித்துக்கொண்டு மோட்டாரைச் சுற்ற ஆரம்பிக்கும். டிஸ்பிளேயில் மோட்டாரின் வேகத்தைக் காட்டும் ஹெர்ட்ஸ் ஓடும், 20, 25, 30. மோட்டார் சத்தம் கேட்கும், பைப்பில் காதை வைத்தால் அதிர்வு தெரியும், ஆனால் ஒரு சொட்டு தண்ணீர் வராது. ஏன் என்றால் என் போரில் ஓடும்போது தண்ணீர் மட்டம் 230 அடியில் நிற்கிறது, அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிற அளவுக்கு வேகம் வரும்வரை மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எனக்கு 36, 37 ஹெர்ட்ஸைத் தாண்டினால்தான் மேலே வருகிறது. வெயில் காலத்தில் அது எட்டு மணிக்குச் சற்று முன்பின்னாக நடக்கும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு: சப்மெர்சிபிள் மோட்டார் சூடு ஆறுவதே தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான், தண்ணீர் நகராமல் அது மணிக்கணக்கில் சுற்றினால் காயிலுக்கு ஆகாது. கன்ட்ரோலரில் குறைந்தபட்ச ஹெர்ட்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. மாட்ட வருகிற பையனிடம் அதை உங்கள் ஆழத்துக்கு ஏற்றபடி வைக்கச் சொல்லுங்கள். கம்பெனி கொடுத்த அளவிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் அவர்கள் வழக்கம்.

பத்து மணியிலிருந்து இரண்டரை வரை நல்ல ஓட்டம். மார்ச், ஏப்ரல் வெயிலில் நண்பகலில் 5,000 லிட்டர் தொட்டி அரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடுகிறது. அரசு வைத்திருக்கும் அளவுகோல்படி ஏ.சி. மோட்டார் என்றால் 70 மீட்டர் உயரத்துக்கு, பேனலின் ஒவ்வொரு வாட்டுக்கும் நாளைக்கு 13 லிட்டர் வர வேண்டும். அப்படிப் பார்த்தால் எனக்கு 88,000 லிட்டர். ஆனால் அந்த அளவுகோல் நல்ல உச்சி வெயில் நாளை வைத்துப் போட்டது, நம் ஊரில் வருஷ சராசரி வெயிலுக்கு அதில் முக்கால் பங்கை எதிர்பார்த்தால் போதும். 65,000, 70,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு நீருக்கு இது தாராளம். முருங்கைக்கும் தென்னைக்கும் விட்டது போகத் தொட்டி வழியும். ஆனால் வாய்க்காலில் விட்டுப் பாத்தி கட்டுகிற ஆளுக்கு இது கட்டாது. ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் 2 லட்சம் லிட்டர் வேண்டும், அதாவது மூன்று நாள் வெயில். சோலார் வைத்து நெல் போடலாமா என்று கேட்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

நெல் என்றதும் ஒரு கணக்கு. ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் சொச்சம். அதை என் போர் ஆழத்திலிருந்து தூக்க 2,000 யூனிட் ஆகும். ஏக்கருக்கு ஒன்றரை டன் அரிசி கிடைத்தால் கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல், தண்ணீர் தூக்குவதற்கு மட்டும். டெல்டாவில் வாய்க்கால் பாசனத்தில் அதே அரிசிக்கு இந்தச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். கடையில் இரண்டும் ஒரே சாக்கில்தான் இருக்கும், விலையிலும் வித்தியாசம் தெரியாது.

சரி, ஆடி மாசத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வரும்போது எங்களுக்கு வருவது காற்றும் மேகமும்தான், மழை இல்லை. ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை வானம் மூடியே இருக்கும், காற்று செடியைக் காய்ச்சிவிடும், அதாவது தண்ணீர் தேவை உச்சத்தில் இருக்கும்போது பேனல் பாதிதான் கொடுக்கும். மேகம் நகர நகர ஹெர்ட்ஸ் 45-க்கும் 28-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் விட்டு விட்டு வரும், சொட்டு நீர் லைனில் பிரஷர் நிற்காது. அதே நேரம் என் காட்டு வரப்பிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை காற்றாலை றெக்கைகள் சுற்றிக்கொண்டிருக்கும். மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலை இருக்கிறது, அதில் பெரிய பங்கு நம் ஊர்ப்பக்கமும் தென்கோடியிலும்தான். காற்று கரண்டு கொட்டும் மாசத்தில் நான் மேகத்தைத் திட்டிக்கொண்டு நிற்கிறேன். இதற்கு ஒரே வழி தொட்டி. பண்ணைக் குட்டையோ, தார்ப்பாய் விரித்த தொட்டியோ, ஏதாவது ஒன்றில் வருகிற தண்ணீரைச் சேர்த்துவைத்து அங்கிருந்து சின்ன மோட்டாரில் சொட்டுக்கு விடுவது. அந்தச் செலவைத் தனியாகக் கணக்கில் வையுங்கள், செட்டோடு அது வராது.

பணக் கணக்கு. செட்டின் முழு விலை நாலு லட்சத்தைச் சுற்றி. மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம், மீதி 40 நம்முடையது என்பதுதான் அடிப்படை. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. பத்து எச்.பி. வேண்டும் என்று கேட்டாலும் மத்திய மானியம் ஏழரை எச்.பி. அளவுக்குத்தான் கிடைக்கும், மேலே உள்ளது நம் பொறுப்பு. ஆக நம் கையிலிருந்து ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஜெனரேட்டரில் நாளைக்கு ஆயிரம் ரூபாய் எரித்தவனுக்கு இது இரண்டாவது கோடைக்குள்ளேயே திரும்பிவிடும். டீசல்காரர்களுக்கு என் பதில்: யோசிக்காமல் போடுங்கள். பிகார், உத்தரப் பிரதேசம், அசாம் பக்கம் இன்னும் டீசல் இன்ஜின்தான் நிறைய. நாடு முழுக்க இருக்கும் 3 கோடி பம்புகளில் கால்வாசிக்கு மேல் டீசல் என்று கணக்கு, உண்மையில் இந்தத் திட்டம் அவர்களுக்குத்தான் அளவெடுத்துத் தைத்தது.

கரண்டுக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருப்பவர்கள், பணம் கட்டி வரிசையை முந்தி இணைப்பு வாங்கும் தட்கல் முறையின் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழரை எச்.பி. தட்கல் இணைப்புக்கு 2,75,000 ரூபாய், ஐந்து எச்.பி.க்கு 2,50,000 என்றுதான் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் மோட்டார், பைப், போர்டு எல்லாம் தனி. சாதாரண வரிசையில் 2021-ல் ஒரே மூச்சில் ஒரு லட்சம் இணைப்பு கொடுத்தார்கள், ஆனால் அப்போதே வரிசையில் நின்றவர்கள் 4 லட்சத்துக்கு மேல். ஒன்று மட்டும் சொல்கிறேன், சோலாருக்குக் கையெழுத்துப் போடும் முன் உங்கள் இலவச இணைப்புப் பதிவின் மூதுரிமை என்ன ஆகும் என்று கேட்டு அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விதி அவ்வப்போது மாறுகிறது, டீக்கடையில் கேட்டது எதையும் நம்பாதீர்கள்.

இலவச இணைப்பு கையில் இருப்பவருக்கு? பணத்தில் பார்த்தால் நயா பைசா லாபம் இல்லை. ஆனால் பகலில் தண்ணீர் பாயும். இதன் அருமை, ராத்திரி மூன்று மணி நேர கரண்டுக்காகப் பன்னிரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு மடை திருப்பப் போனவனுக்குத் தெரியும். பகலில் ஆறு, இரவில் மூன்று என்று முறை வைத்துக் கொடுத்த காலத்தில் பாம்புக்கடியும் ஷாக்கும் எத்தனை வீட்டைக் கெடுத்திருக்கிறது. அப்புறம் வோல்டேஜ். லோ வோல்டேஜில் மோட்டார் காயில் கட்டக் கொடுத்தே சம்பாத்தியம் போன வீடுகள் உண்டு. அதிலும் ஒவ்வொரு தடவை காயில் கட்டும்போதும் மோட்டாரின் திறன் கொஞ்சம் குறையும். பழைய பம்புசெட்டுகள் இழுக்கிற கரண்டில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர் தூக்கும் வேலையாக மாறுகிறது. இலவசமாக வந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? நட்சத்திரக் குறியீடு உள்ள புது மோட்டார் வாங்க அரசு மானியம் கொடுத்தும் எங்கள் ஊரில் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். இலவச இணைப்பு நன்றாக ஓடுகிறது என்றால் சோலாருக்குப் போக வேண்டாம், முதலில் மோட்டாரை மாற்றுங்கள். வீட்டுத் தோட்டத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

அரசாங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால்தான் இந்த மானியம் ஏன் என்று புரியும். விவசாய இலவச மின்சாரத்துக்காக மாநில அரசு வருஷத்துக்கு 7,000 கோடி ரூபாய்க்குப் பக்கத்தில் மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. 23 லட்சம் இணைப்பால் வகுத்தால் ஒன்றுக்கு 30,000 ரூபாய், வருஷா வருஷம். எனக்குக் கொடுத்த சோலார் மானியம் எட்டு வருஷ இலவச கரண்டுக்குச் சமம், பேனலோ 25 வருஷம் நிற்கும் என்று உத்தரவாதம். அவர்களுக்கு இது தர்மம் இல்லை, நல்ல வியாபாரம்தான். தப்பாகச் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் லாபம் என்றால் யாருக்கு நஷ்டம்?

அந்த நஷ்டப்படுகிறவர் ஒருவர் உண்டு, அது போருக்குள் இருக்கும் தண்ணீர். அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட அதிகமாக நிலத்தடி நீரை எடுப்பது நாம்தான். நாட்டின் மொத்த மின் உபயோகத்தில் விவசாயத்தின் பங்கு 1990களின் கடைசியில் 30 சதவீதத்தைத் தொட்டது, இப்போது 17, 18-க்கு வந்துவிட்டது. பார்த்தால் குறைந்தது போல இருக்கும். குறையவில்லை. யூனிட் கணக்கில் அப்போதைவிட இரண்டு மடங்கு, வருஷத்துக்கு 20,000 கோடி யூனிட்டைத் தாண்டிவிட்டது, வீடும் பேக்டரியும் அதைவிட வேகமாக வளர்ந்ததால் பங்கு சுருங்கித் தெரிகிறது, அவ்வளவுதான். போதாததற்கு அந்தக் காலத்து 30 சதவீதத்திலும் பொய் உண்டு, லைனில் வீணானது, கொக்கி போட்டுத் திருடியது எல்லாவற்றையும் மீட்டர் இல்லாத விவசாயி தலையில்தான் எழுதினார்கள். சோலார் வந்தபிறகு இதில் இன்னொரு கூத்து: நான் எடுக்கும் தண்ணீர் எந்த மின்வாரியக் கணக்கிலும் வராது. டீசலில் ஓட்டும்போது போதும் என்றதும் கை தானாக ஆஃப் செய்யும். இப்போது வெயில் இருக்கிறவரை ஓடட்டுமே என்று விடத் தோன்றுகிறது. நிலத்தடி நீர் மோசமாக இருக்கும் ஒன்றியங்களில் இந்த செட்டைக் கொடுக்கக் கட்டுப்பாடு வைத்திருப்பது சரிதான், சொட்டு நீரைக் கட்டாயமாக்குவதும் சரிதான்.

விற்க வந்தவர் சொன்ன இன்னொரு வசனத்தையும் சொல்லிவிடுகிறேன், "சார், இனி உங்க தோட்டம் முழுக்க முழுக்க சூரிய சக்தி". கேட்க நன்றாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் யூரியா செய்ய 55 லட்சம் கிலோ கலோரி எரிசக்தி வேண்டும், அதுவும் நல்ல புது ஆலையில், பெரும்பாலும் இயற்கை எரிவாயு. அப்படியானால் 45 கிலோ மூட்டைக்குள் இருப்பது இரண்டரை லட்சம் கிலோ கலோரி, டீசலில் சொன்னால் 27 லிட்டர். அந்த மூட்டையை நான் 266 ரூபாய் 50 காசுக்கு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறேன், அதே 27 லிட்டர் டீசலைப் பெட்ரோல் பங்கில் வாங்கினால் 2,500 ரூபாய். நடுவில் உள்ளதில் பெரும்பங்கு உர மானியம், உக்ரைன் போரில் எரிவாயு விலை ஏறிய 2022-23-ல் அது நாடு முழுக்க இரண்டரை லட்சம் கோடியைத் தொட்டது. ஆக என் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டேன், சரி. பத்து மூட்டை யூரியா வாங்கினால் 270 லிட்டர் டீசல் வேறு உருவத்தில் தோட்டத்துக்குள் வந்துவிடுகிறது. உழவுக்கு டிராக்டர், காய் போகிற லாரி, பாலை ஊர் சொசைட்டியில் குளிரவைக்கும் பல்க் கூலர், இதெல்லாம் இன்னும் சேர்க்கவில்லை.

காங்கேயம் காளைக்குப் பேர்போன ஊர்ப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். தாத்தா காலத்தில் கவலை கட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைத்ததும் உழுததும் மாடு, அதற்கு எரிபொருள் சோளத்தட்டு. 1960-ல் நாட்டில் ஹெக்டேருக்குக் கிடைத்த பண்ணை சக்தி 0.3 கிலோவாட்கூட இல்லை, அதில் பத்தில் ஒன்பது பங்கு ஆளும் மாடும். இப்போது 2 கிலோவாட்டைத் தாண்டிவிட்டது, மாட்டின் பங்கு பத்து சதவீதத்துக்குக் கீழே. அறுவடைக்கு அப்புறம் நடப்பது இதைவிடப் பெரிசு. உலக அளவில் மொத்த எரிசக்தியில் 30 சதவீதம் உணவுக்காகப் போகிறது, அதில் 70 சதவீதம் விளைச்சல் காட்டைத் தாண்டியபிறகு ஆகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2011-ல் கணக்குச் சொன்னது. அரைப்பது, குளிரூட்டுவது, ஏற்றுவது, சமைப்பது. காங்கேயத்துக் களங்களில் தேங்காய்ப் பருப்பை இன்றும் வெயிலில்தான் காயவைக்கிறார்கள், அரிசி ஆலைகளில் உமியை எரித்துத்தான் நெல்லை வேகவைக்கிறார்கள், இதற்கெல்லாம் யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை.

சர்வீஸ். இங்கேதான் மார்க் குறைக்கிறேன். கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை, பட்டியலில் பல கம்பெனி இருக்கிறது, பெரும்பாலானவர்களைப் பற்றி இதே புலம்பலைக் கேட்கிறேன். ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் விலையிலேயே அடக்கம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வைகாசியில் கன்ட்ரோலர் "ட்ரை ரன்" என்று காட்டி நின்றுவிட்டது, போரில் தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் தண்ணீர் இல்லை என்று அது நினைத்துக்கொண்டது. டோல் ஃப்ரீ எண்ணில் பேசியவருக்குத் தமிழ் வரவில்லை, எனக்கு இந்தி வராது. புகார் எண் மெசேஜில் வந்தது, கொஞ்ச நாளில் "சரிசெய்யப்பட்டது" என்றும் மெசேஜ் வந்தது, ஆள்தான் வரவில்லை. கன்ட்ரோலருக்குள் ஒரு சிம் இருக்கிறது, செட் எவ்வளவு ஓடியது, எவ்வளவு தண்ணீர் எடுத்தது என்று அதுபாட்டுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். வந்த மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, சிம்முக்கு டேட்டா தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது என்றான். அதாவது என் மோட்டார் நின்றது கம்பெனிக்குத் தெரிந்திருக்கவே வழி இல்லை. சென்சாரின் அளவை மாற்றியதும் பத்து நிமிஷத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷ வேலைக்கு வாரக்கணக்கில் மறுபடியும் ஜெனரேட்டர், மறுபடியும் டீசல் கேன். பையன் மட்டும் தங்கமானவன், அவனுக்கு நாலு மாவட்டம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், என்ன செய்வான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் சாதா மோட்டார் நின்றுபோனால் மூலனூரிலேயே சரிசெய்ய ஆள் இருக்கிறது. பக்கத்துக் கோயமுத்தூர் நாட்டுக்கே மோட்டார் செய்து அனுப்புகிற ஊர், கண்ணை மூடிக்கொண்டு காயில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கன்ட்ரோலரை வெளியாள் திறந்தால் வாரண்டி போய்விடும். ஐந்து வருஷம் முடிந்தபிறகு கன்ட்ரோலர் போனால் என்ன விலை, யார் தருவார் என்று கேட்டேன், பேச்சை மாற்றினார்கள்.

பராமரிப்பு என்று பெரிசாக ஒன்றும் இல்லை, பேனலைக் கழுவ வேண்டும். நோட்டீஸில் மழை கழுவிவிடும் என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் மயில். விடிந்ததும் வரிசையாகப் பேனல் மேல் ஏறி உட்கார்ந்து எச்சம் போட்டுவைக்கும், வெயிலில் அது சுண்ணாம்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். பேனல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சீரியலில் இருப்பதால் ஒரு பேனலின் ஓரத்தில் நிழலோ எச்சமோ இருந்தாலும் அந்த வரிசை முழுவதுமே மந்தமாகும். சந்தேகம் இருந்தால் ஓடும்போது ஒரு பேனல் மேல் கோணிச்சாக்கைப் போட்டு ஹெர்ட்ஸைப் பாருங்கள், சட்டென்று இறங்கும். விடிகாலையில் அல்லது பொழுது சாய்ந்தபிறகு கழுவுங்கள், உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் போர்த் தண்ணீரை ஊற்றினால் உப்புக்கறை படியும். தென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட விடாதீர்கள். நட்டபோது நிழல் விழவில்லை என்பார்கள், மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது நிழலின் நீளம் வேறு.

இன்னொரு குறை செட்டில் இல்லை, திட்டத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரே தேவைப்படாது, அன்றைக்கும் மேகம் விலகினால் பேனல் கரண்டு செய்யத் தயாராக நிற்கும், வாங்க ஆள் இல்லை. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று பார்த்தால் என் செட் வருஷத்துக்கு 10,000 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும். பாதிக்கு மேல் வீண்தான். குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு ஊர், அங்கே விவசாயிகள் 2016-லேயே கூட்டுறவு சங்கம் வைத்து, பாசனம் போக மிச்சக் கரண்டை லைனில் விற்றார்கள். தண்ணீரை இறைத்து ஊற்றுவதைவிடக் கரண்டை விற்றால் காசு என்றால் யார் கை மோட்டாரை வீணாக ஓட்டும்? நிலத்தடி நீர் பிரச்சினைக்கும் இதைவிட நல்ல கடிவாளம் எனக்குத் தோன்றவில்லை. குசும் திட்டத்திலேயே லைனில் இருக்கும் மோட்டார்களுக்கு சோலார் சேர்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது, மேட்டுக்காட்டுக்கு லைனே இல்லாததால் எனக்கு அது பொருந்தவில்லை. லைன் இருப்பவர்கள் அதைக் கேட்டுப் பாருங்கள். லைன் இல்லாதவர்கள், தீவனம் வெட்டும் மெஷினையும் ஓட்டக்கூடிய பொதுக் கன்ட்ரோலர் கிடைக்குமா என்று ஆர்டர் போடும் முன்பே கேளுங்கள். அப்புறம் மாற்ற விடமாட்டார்கள்.

மார்க் என்றால், தண்ணீருக்கு ஐந்துக்கு நாலரை, சர்வீஸுக்கு இரண்டு, நோட்டீஸில் அடித்த வசனங்களுக்குப் பூஜ்யம். மேட்டுக்காட்டுக்கு மறுபடியும் வாங்குவேனா என்றால் இன்றைக்கே வாங்குவேன். வீட்டுத் தோட்டத்துக்கு வாங்க மாட்டேன்.

கடைசியாக, பேனலிலிருந்து போர் வரைக்கும் வரும் கேபிளைக் கட்டாயம் பைப்புக்குள் விட்டு மண்ணில் புதைத்துவிடுங்கள், காப்பர் விலைக்கு எங்கள் பக்கம் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிக்கொண்டு போகிறார்கள். செட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு, பாலிசி காகிதம் கம்பெனியிடமே இருக்கும், மாட்டிய அன்றே ஒரு நகல் கேட்டு வாங்கி, பேனல் நம்பர், கன்ட்ரோலர் நம்பர், மோட்டார் நம்பர் மூன்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் போனால் ஸ்டேஷனில் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.